ஐந்தாவது போர்ட்

இளம்பரிதி வீட்டில் லேன் போடும் நாட்களில், அதாவது நண்பர்கள் கம்ப்யூட்டர்களை வயரால் கோத்து ஆடும் நாட்களில், ஒரு சட்டம் இருந்தது. சுவிட்ச் பெட்டியின் பக்கம் அவனைத் தவிர வேறு யாரும் போகக் கூடாது. அது வயர் செருக எட்டு போர்ட் உள்ள சின்னக் கறுப்புப் பெட்டி. பீரோவுக்குப் பின்னால் தரையில் கிடக்கும். நான்கு கம்ப்யூட்டர்களிலிருந்தும் வயர் வந்து அதில் சேர்ந்தால்தான் நான்கு பேரும் ஒரே ஆட்டத்துக்குள் இறங்கி ஒருவரையொருவர் சுட்டுத் தள்ள முடியும். "லூசா கீதுடா, கை பட்டா எல்லாருக்கும் புட்டுக்கும்" என்று பரிதி சொல்லி வைத்திருந்தான். வீடு வீடாகப் போய் சிசிடிவி கேமரா மாட்டுவது அவன் தொழில். வயர் விஷயத்தில் அவன் சொன்னால் மற்ற மூன்று பேருக்கும் மறுபேச்சு கிடையாது.

அவன் சொன்னது பொய். பெட்டியில் எதுவும் லூசாக இல்லை. அந்தப் பொய்க்கு இந்த ஐப்பசியோடு நான்கு வயது ஆகிறது.

நான்கு பேரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இப்போது முப்பத்துநான்கு வயது. கலைவாணனுக்கு முன்னந்தலையில் பாதி முடியைக் காணோம். அவன் செல்போன் கடை வைத்திருக்கிறான். அல்பேரின் அப்பா பிரான்சு பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. மகன் பட்டாளத்துக்கும் போகவில்லை, பாரிசுக்கும் போகவில்லை, புதுச்சேரி டவுனிலேயே ஒரு ரொட்டிக் கடை போட்டுக்கொண்டு வாயால் வியாபாரம் செய்கிறான். நான்காவது ஆள் காத்தவராயன். காலாப்பட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை, அங்கேயே ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறான். அதிகம் பேச மாட்டான். சுடுவதில் மட்டும் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு காலத்தில் கிடையாது என்று சொல்ல வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு அவரவர் சிபியூவைப் பழைய போர்வையில் சுற்றி, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தி, மானிட்டரைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு உழவர்கரையில் பரிதி வீட்டு மாடிக்கு வந்துவிடுவார்கள். இந்தக் காலத்தில் அவனவன் வீட்டிலேயே உட்கார்ந்து நெட்டில் ஆடலாமே, எதற்கு இந்தச் சுமை கூலி வேலை என்று கேட்காத உறவினர் இல்லை. அவர்களுக்குப் புரியாது. அல்பேரைச் சுட்டால் பக்கத்திலேயே அல்பேர் கத்த வேண்டும். அந்தக் கத்தலுக்காகத்தான் பதினைந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு வருவது.

வேறு சில பழக்கங்களும் உண்டு. பத்து ரவுண்டு முடிந்து யார் கடைசியோ அவன் எல்லார் தட்டையும் கழுவ வேண்டும். கிளம்பும்போது வந்தவர்களின் மெஷினை வீட்டுக்காரனே தன் கையால் வண்டியில் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்து, அடுத்த லேன் எந்த ஞாயிறு என்று சொல்லி அனுப்ப வேண்டும். யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. முடிச்சுப் போடாமல், தேதி சொல்லாமல் இதுவரை யாரையும் யாரும் அனுப்பியதில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் பரிதிக்குக் கல்யாணமான புதிது. செந்தமிழ்ச்செல்வி அந்த வீட்டுக்கு வந்து பார்த்த முதல் லேன். அவளிடம் பரிதி கொஞ்சம் அளந்து வைத்திருந்தான், எங்கள் கூட்டத்தில் நான்தான் ராஜா என்று. காத்தவராயனுக்கு இது தெரியுமா பாவம், அவன் வழக்கம்போல ஆடினான். பத்து ரவுண்டில் ஒன்பதை அடித்தான். கடைசி ரவுண்டில் பரிதியை ஒரே கதவுக்குப் பின்னாலிருந்து ஆறு முறை சுட்டான். பின்னால் நின்றிருந்த செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னாங்க, ராஜா செத்துச் செத்துப் பொழைக்கிறாரே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், பரிதியும் சிரித்தான். அன்று இரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த லேனுக்குள் ஐப்பசி மழை வந்தது. ஒரு நாள் இடி இடித்ததில் அவன் வீட்டில் டிவி போனது, மோடம் போனது. சுவிட்சைச் சோதித்துப் பார்த்தான். ஏழு போர்ட் நன்றாக இருந்தது. ஐந்தாவது மட்டும் பச்சை விளக்கு எரிந்தும் சரியாக இல்லை. அதில் வயரைச் செருகினால் இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு தரம் ஆட்டம் ஒரு கணம் திக்கியது. திரும்ப வரும்போது எதிரி வேறெங்கோ நிற்பான். நான்கு பேருக்கு நான்கு போர்ட் போதும். ஐந்தாவதில் ஒரு துண்டு டேப்பை ஒட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். டேப் கையிலேதான் இருந்தது.

ஒரே ஒரு நாளைக்கு என்று நினைத்துக்கொண்டான். காத்தவராயனின் வயரை எடுத்து ஐந்தாவதில் செருகினான்.

அன்று பரிதி ஜெயித்தான். காத்தவராயன் மூன்றாவதாக வந்தான். செல்வி பரிதியின் தோளைத் தட்டினாள். மனிதனுக்கு இவ்வளவு போதும் போலிருக்கிறது. அடுத்த தடவையும் ஒரே ஒரு நாளைக்குத்தான். அதற்கடுத்த தடவை அப்படி நினைத்துக்கொள்ளக்கூட இல்லை; வயரை எடுத்ததும் கை தானாக ஐந்தாவதுக்குப் போனது.

"எனக்கு மட்டும் திக்குதுடா" என்றான் காத்தவராயன், முதல் வருடம்.

"பழைய மெஷின்டா, இன்னா பண்ணுவே" என்றான் பரிதி.

காத்தவராயன் மெமரி வாங்கிப் போட்டான். சரியாகவில்லை. புது மவுஸ் வாங்கினான். ஒரு தடவை வீட்டிலிருந்து புது வயரே வாங்கிக்கொண்டு வந்தான். அதையும் பரிதி சிரித்த முகத்தோடு கையில் வாங்கி பீரோவுக்குப் பின்னால் குனிந்து அதே ஓட்டையில் செருகினான். இன்னொரு தடவை, "நீ தொழில்காரன், நீயே ஒருவாட்டி தொறந்து பாரேன்" என்று மெஷினை ஒரு வாரம் அவனிடமே விட்டுப் போனான். பரிதி அதைத் திறந்து, பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, மூடி வைத்து, "எல்லாம் கரெக்டா கீதுடா. உன் கைதான் ஸ்லோ ஆயிடுச்சின்னு நெனைக்கிறேன். வயசாவுது இல்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். கிண்டலாகத்தான் சொன்னான். காத்தவராயன் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டது பரிதிக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இரண்டாவது வருடம் அவன் கண் டாக்டரிடம் போனான். ஒரு மூக்குக் கண்ணாடியோடு லேனுக்கு வந்தான். அல்பேர் அவனுக்கு வாத்தியார் என்று பேர் வைத்தான். கண்ணாடியோடும் கடைசியாகத்தான் வந்தான். தட்டுக் கழுவுவது அவன் வேலை என்றே ஆகிவிட்டது. பத்தாவது ரவுண்டு முடிவதற்கு முன்னாலேயே சட்டைக் கையை மடித்துக்கொள்வான். செல்வி ஒரு நாள், "உங்க ஃப்ரண்டு காத்தவராயன் அண்ணன் எவ்ளோ சுத்தமா கழுவுறாரு தெரியுமா, குழம்புச் சட்டியக்கூட விடல" என்று சொன்னாள். பரிதி எழுந்து மொட்டை மாடிக்குப் போய் அங்கே நிற்பதற்கு ஒரு காரணத்தையும் கண்டுபிடித்தான், துணி காய்ந்துவிட்டதா என்று.

வெட்கம் இல்லாதவன் இல்லை பரிதி. வெட்கம் நிறைய இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கப் பழகியிருந்தான், அவ்வளவுதான்.

போன லேனில் காத்தவராயன் தட்டையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்று, "நான் மெஷின வித்துடலாம்னு இருக்கேன்டா" என்றான்.

"இன்னாடா, ஏன்?" என்று கலைவாணன் பதறினான்.

"சும்மா எதுக்கு எடத்த அடைச்சிக்கினு. எனக்கு இது வராம போயிடுச்சி. உங்களுக்கும் போர். ஆனா ஒண்ணு, வீட்டு மேல ஒரு ரூம் எடுத்திருக்கேன், சுண்ணாம்புகூட அடிச்சாச்சி. கடைசியா ஒருவாட்டி எங்க வீட்ல போடலாம். சுலோசனா மீன் செய்யிறேன்னு சொல்லுது." பிறகு பரிதியைப் பார்த்து, "சுவிட்ச மட்டும் நீ எடுத்தாந்துடு. வயரெல்லாம் நான் இஸ்து வைக்கிறேன்" என்றான்.

இத்தனை வருடத்தில் முதல் முறையாகப் பெட்டி பரிதியின் கையை விட்டுப் போகப் போகிறது. வீட்டுக்காரன் வயர் செருகுவான். காத்தவராயன் எந்த வயரை ஐந்தாவதில் போட்டாலும் அந்த ஆள், "எனக்குத் திக்குது" என்பான். போர்ட்டை மாற்றினால் சரியாகிவிடும். அரைமணி நேரத்தில் குட்டு உடைந்துவிடும்.

அவன் முதலில் நினைத்தது காத்தவராயனை இல்லை, தன்னை. இதை மறைப்பதற்கில்லை. நேரு வீதியில் ஒரு கடையில் போய் அதே மாதிரி, அதே கம்பெனி, அதே எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்றை வாங்கினான். பழைய பெட்டியின் மேல் அல்பேர் ஒட்டிய மாதா படம் ஒன்று இருந்தது, ஆட்டம் நடுவில் நிற்கக் கூடாதென்று. அதைச் சுடுதண்ணீர் வைத்து உரித்துப் புதுப் பெட்டியில் ஒட்டினான். ஒரு மூலை கிழிந்துவிட்டது. திருட்டுக்கு மாதாவையும் கூட்டுச் சேர்த்தாயிற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோதும் கை தன் பாட்டுக்குப் படத்தை நீவிக்கொண்டிருந்தது. பழைய பெட்டியை வீட்டுக் குப்பையில் போட்டால் செல்வி ஏன் என்று கேட்பாள். போகிற வழியில் எங்காவது எறிந்துவிடலாம் என்று ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை இசிஆர் ரோட்டில் ஒரு இடத்தில்கூட வண்டியை நிறுத்த முடியவில்லை. முன்னால் பஸ், பின்னால் சுற்றுலாக் கார்கள். பழைய பெட்டி சீட்டுக்கு அடியிலேயே காலாப்பட்டுக்கு வந்து சேர்ந்தது.

காத்தவராயன் வாசலில் காத்திருந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், பெண் பார்க்க வந்தவனைப்போல. மேலே புது அறை, சுண்ணாம்பு வாசனை போகவில்லை. நான்கு பிளாஸ்டிக் மேசைகள், நான்கும் வேறு வேறு நிறம். தெருவில் நான்கு வீட்டிலிருந்து வாங்கி வந்திருக்கிறான் என்று பார்த்ததும் தெரிந்தது. ஜன்னலில் மனைவி சுலோசனாவின் புடவையைத் திரையாகக் கட்டியிருந்தான், மானிட்டரில் வெளிச்சம் விழக் கூடாதாம். பரிதி பெட்டியைக் கொடுத்தான். காத்தவராயன் அதை இரண்டு கையாலும் வாங்கினான்.

"மாதா படம் மூலையில கிழிஞ்சிடுச்சே மச்சான்" என்றான் அல்பேர்.

"பழசு இல்ல, பிஞ்சிக்கிச்சி" என்றான் பரிதி. நாக்கு கூசவில்லை. அதுவும் பழகியிருந்தது.

முதல் ரவுண்டு ஆரம்பித்து இரண்டு நிமிடத்தில் பரிதி செத்தான். காத்தவராயன் எங்கிருந்து சுட்டான் என்றே தெரியவில்லை. உடனே அல்பேர் கத்தினான், அடுத்து கலைவாணன். காத்தவராயன் கத்தவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான். "திக்கல" என்று மெதுவாகச் சொன்னான். "டேய், இன்னிக்கு திக்கவே இல்லடா."

அதற்குப் பிறகு பழைய காத்தவராயன் இறங்கி வந்தான். கதவுக்குப் பின்னாலிருந்து வந்தான், மாடியிலிருந்து குதித்து வந்தான், பெட்டிகளுக்கு நடுவில் ஒளிந்திருந்து பரிதியைக் கடந்துபோகவிட்டு முதுகில் சுட்டான். நான்கு வருடமாகத் தன்னை ராஜா என்று நம்பியவன் தன் ஆட்டம் எவ்வளவு என்பதை அன்று முழுசாகத் தெரிந்துகொண்டான். அது ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் வலித்தது அது இல்லை. பக்கத்து மேசையில் இருந்தவன் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான், அந்தச் சிரிப்பை நான்கு வருடமாகக் கேட்கவில்லை என்பதே பரிதிக்கு அப்போதுதான் உறைத்தது.

மதியம் கீழே பாய் விரித்து வஞ்சிரம் வறுவலும் நண்டுக் குழம்பும் போட்டாள் சுலோசனா. அவளுக்கும் ஆட்டத்தின் போக்கு தெரிந்திருந்தது. இரண்டு தரம் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். "ஒரு காலத்துல நான் பெரிய ஆளுன்னு சொல்லுவாருண்ணா" என்றாள் பரிதியின் தட்டில் இன்னொரு துண்டை வைத்தபடி. "நான் நம்புனதே இல்ல. மாசம் ஒருவாட்டி மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு வருவாரு. கையில பாத்திரம் தேச்ச நாத்தம் வேற. இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"மாசம் இல்லடி, ரெண்டு மாசம்" என்று காத்தவராயன் திருத்தினான். வாய் நிறைய சோறு, கண்ணாடியில் குழம்பு தெறித்திருந்தது. பரிதிக்கு முள் தொண்டையில் சிக்கியது. நான்கு கவளம் வெறும் சோற்றை விழுங்கியும் அது இறங்கவில்லை. வஞ்சிரத்தில் அப்படி முள் இருக்காது என்று சுலோசனா ஆச்சரியப்பட்டாள்.

ஐந்து மணிக்குப் பத்தாவது ரவுண்டு முடிந்தது. காத்தவராயன் எட்டு ரவுண்டு ஜெயித்திருந்தான். கலைவாணன் கடைசி. சுலோசனா காபி கொண்டு வந்தவள் கதவில் நின்று, "ஜெயிச்சிட்டீங்களா?" என்றாள். அவள் கணவன் தலையை மட்டும் ஆட்டினான். பிறகு, "மெஷின விக்க வேணாம்னு தோணுது" என்றான்.

இங்கேயே எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். ஆனால் அல்பேரின் வாய் இருக்கிறதே.

"விக்காத மச்சான், எதுக்கு விக்கணும்?" என்று அவன் காபியை எடுத்துக்கொண்டே சொன்னான். "கடைசி லேன்னு சொல்லிட்டே, உன் வீடு வேற. ஜெயிக்க வெக்காம போவ முடியுமா? எல்லாம் பரிதிக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும். இன்னா பெரிய மனசுடா அவனுக்கு! ரெண்டாவது ரவுண்டுலயே எனக்குப் புரிஞ்சிபோச்சி. அப்புறம் நானும் கொஞ்சம் கையக் கட்டிக்கினேன்."

அவன் கையைக் கட்டவில்லை. உயிரைக் கொடுத்து ஆடித் தோற்றவன், தோல்விக்கு ஒரு அழகான சட்டை மாட்டினான். கலைவாணனும் அவசரமாகத் தலையாட்டினான். கடைசியாக வந்தவனுக்கு அந்தச் சட்டை இன்னும் வசதியாக இருந்தது.

காத்தவராயன் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் அப்படியே இருந்தது, சிரிப்பு மட்டும் போய்விட்டது. "விட்டுக் குடுத்தியாடா?" என்று பரிதியைக் கேட்டான்.

பரிதி மேசைக்கு அடியில் இருந்த பெட்டியைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும், எல்லாம் அவனுக்குச் சாதகமாகவே முடிந்துவிடும். பெரிய மனசுக்காரன் என்ற பேரோடு வீட்டுக்குப் போகலாம். நான்கு வருடத் திருட்டுக்கு மேல் ஒரு மாலையும் விழுந்தாயிற்று. எவ்வளவு சுலபம் என்று நினைத்துப் பார்த்தான்.

"சரி விடுங்கடா. நல்லதுக்குத்தான செஞ்சீங்க" என்றான் காத்தவராயன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். சுலோசனாவை அவன் பார்க்கவில்லை. அவள் காலி டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். "கீழ தட்டுங்க கெடக்குது. நான் போயி கழுவிடுறேன்."

"இன்னிக்கு என் முறைடா" என்றான் கலைவாணன்.

"இருக்கட்டும், எனக்குப் பழக்கம்" என்று சொல்லிச் சட்டைக் கையை மடித்தான். வெள்ளைச் சட்டை.

"இருடா" என்றான் பரிதி. "கழுவாத. ரெண்டு நிமிஷம் இரு." படியிறங்கி ஓடினான். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிப் பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே வந்தான். மாதா படம் இருந்த இடத்தில் பசை மட்டும் அழுக்காக ஒட்டியிருந்தது. எல்லாரும் அதையும், மேசைக்கு அடியில் இருந்த இன்னொன்றையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அது புதுசு. இதான் நம்ம சுவிட்ச்" என்றான் பரிதி. "இத மாட்டு. என் வயர அஞ்சாவதுல போடு."

"எதுக்கு?"

"போடேன்."

காத்தவராயன் குனிந்து மாட்டினான். பரிதி உட்கார்ந்து ஆட்டத்தைத் திறந்தான். மற்றவர்கள் விளையாடவில்லை, அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். திரையில் அவன் ஆள் நடந்தான், நின்றான், சட்டென்று நான்கடி தள்ளி இருந்தான். மறுபடி நடந்தான். மறுபடி நின்றான்.

அல்பேர்தான் முதலில் சிரித்தான். "இன்னாடா இது, குடிகாரன் மாதிரி..." என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

காத்தவராயன் திரைக்குப் பக்கத்தில் குனிந்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தினம் போகிற தெருவை யாராவது காட்டித்தர வேண்டுமா? "திக்குது" என்றான்.

"ஆமாம்" என்றான் பரிதி. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் திரையைப் பார்த்தபடியே சொன்னான். "இடி விழுந்து அந்த ஒரு போர்ட் போச்சி. எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் உன் வயர அதுல போட்டேன். ஒவ்வொருவாட்டியும். உன் மெஷின்ல ஒண்ணும் இல்ல, உன் கையில ஒண்ணும் இல்ல. நான் ஜெயிக்கணும்னு பண்ணேன். இன்னிக்கு யாரும் விட்டுக் குடுக்கலடா. அல்பேரு பொய் சொல்றான். நீ நெசமா ஜெயிச்சே."

கீழே தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். காத்தவராயன் நிமிர்ந்தான்.

"எப்பலேந்து?"

"நாலு வருஷம்."

திட்டுவான் என்று பரிதி காத்திருந்தான். அடித்தால்கூட நல்லது. சட்டையைப் பிடித்து இழுத்தால் அதோடு ஒரு கணக்குத் தீரும். காத்தவராயன் மூக்கிலிருந்து கண்ணாடியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தான்.

"கண்ணாடி வாங்குனேன்டா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கோபமாகக்கூட இல்லை, ஒரு தகவல் சொல்வதைப்போலச் சொன்னான். பரிதி ஆட்டத்தை மூடினான். நாற்காலியிலிருந்து எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் பின்பக்கம் போனான். குழாயடியில் மதியத் தட்டுகள் நண்டு ஓடோடு குவிந்து கிடந்தன. குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. தேய்க்கத் தேய்க்கத்தான் வரும் போலிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. சாம்பல் கையால் துடைத்ததில் இன்னும் எரிந்தது. யாராவது வந்து, போதும் எழுந்திரு என்று சொல்வார்கள் என்று ஓர் ஓரத்தில் எதிர்பார்த்தான். அப்படி யாரும் சொல்லவில்லை. சுலோசனா வந்தாள், நண்டுக் குழம்பு வைத்த பெரிய சட்டியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மேலே ஜன்னல் திறந்திருந்தது. அவள் படியேறிப் போன பிறகு அவள் குரல் கேட்டது. "அப்போ நெசமாவே ஜெயிச்சீங்களா?"

ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு காத்தவராயன் சொன்னான், "நெசமாத்தான்."

பரிதி சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்தபோது அவன் மெஷினை ஏற்கெனவே இறக்கியிருந்தார்கள். அல்பேரும் கலைவாணனும் தங்கள் வண்டிகளிடம் நின்று சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அல்பேருக்குப் பேச ஒன்றும் கிடைக்காததைப் பரிதி முதல் முறையாகப் பார்த்தான். காத்தவராயன் பரிதியின் ஸ்கூட்டர் முன்னால் குந்தி உட்கார்ந்து சிபியூவைக் கட்டிக்கொண்டிருந்தான். போர்வையை ஒழுங்காக மடித்துச் சுற்றியிருந்தான். கயிற்றை இரண்டு சுற்று சுற்றினான், முடிச்சுப் போட்டான், வலைக்காரர்கள் போடுகிற முடிச்சு, அதை ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. மானிட்டருக்கும் அப்படியே செய்தான். ஒரு வேலையிலும் குறை வைக்கவில்லை.

"ரோட்டுல பள்ளம் ஜாஸ்தி. மெதுவாப் போ" என்றான் எழுந்துகொண்டு.

பரிதி வண்டியில் உட்கார்ந்தான். சாவியைப் போட்டான், திருப்பவில்லை. கேட்க அவனுக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்பது தெரிந்தே கேட்டான்.

"அடுத்தது எப்படா?"

காத்தவராயன் கண்ணாடியை மாட்டியிருக்கவில்லை. அவனை நேராகப் பார்த்தான். கேமரா ரிப்பேர் என்று போன் செய்கிறவர்களில் திரும்பப் போக விருப்பமில்லாத வீடுகளுக்குப் பரிதி மரியாதையாக ஒற்றை வார்த்தையில் ஒரு பதில் வைத்திருந்தான். இத்தனை வருடத்தில் நூறு பேரிடமாவது சொல்லியிருப்பான். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் புதுச்சேரியில் இருக்க மாட்டான்.

"சொல்றேன்" என்றான் காத்தவராயன்.